நெருப்புக்குப் பின்

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
1 அரசர் 19:9, 11-13; மத்தேயு 14:22-33



மறைக்கல்வி வகுப்பில் எலியாவின் கதையை முதன்முதலாகக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெருங்காற்று அடிக்கிறது, பாறை பிளக்கிறது. ஆண்டவர் அதில் இல்லை. நிலம் நடுங்குகிறது, அதிலும் இல்லை. தீ வருகிறது, அதிலும் இல்லை. கடைசியில் காதில் விழுந்தும் விழாமலும் ஒரு மெல்லிய ஓசை. பத்து வயதுப் பையனுக்கு, ‘ப்பூ, இவ்வளவுதானா?’ என்று இருந்தது. ஊர்த் திருவிழாவில் வாணவேடிக்கைக்காகக் கண் விழித்துக் காத்திருந்து, தேர் நிலைக்கு வந்த பிறகு, ‘இந்த வருடம் வேட்டு கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்’ என்று சாமியார் மைக்கில் சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

கடந்த ஆண்டு அந்த மனக்குறையோடு ஒரு மலைக்குப் போய் நிற்கும்படி ஆயிற்று. என்னோடு குருமடத்தில் படித்த நண்பர் ஒருவர் ஹவாய்த் தீவில் பங்குப் பணி செய்கிறார். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பசிபிக் பெருங்கடலின் நடுவில், எந்தக் கண்டத்தின் கரையிலிருந்து கணக்குப் போட்டாலும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கிற தீவு. அங்கே ‘ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா’ இருக்கிறது. 1916-இல் ஏற்படுத்தியது. 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடற்கரையில் தொடங்கி, நாலாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மவுனா லோவா உச்சிவரை ஏறிப் போகிற நிலம் அது. அதற்குள் இரண்டு எரிமலைகள், இரண்டுக்கும் உயிர் இருக்கிறது. மவுனா லோவா 38 ஆண்டுகள் தூங்கிவிட்டு 2022 நவம்பரில் விழித்தது. கிலாவேயாவுக்குத் தூக்கமே குறைவு. 1983-இல் தொடங்கிய அதன் சீற்றம் 2018 வரை, 35 ஆண்டுகள் நீண்டது. முடிகிற ஆண்டில் மலையின் உச்சிக்குழி உள்ளே இடிந்து இறங்கியது. அடிவாரத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள் எரிமலைக் குழம்புக்குள் போயின. 2024 டிசம்பரிலிருந்து மறுபடியும் விட்டுவிட்டுப் பீறிடுகிறது. சில நாட்களில் நெருப்பூற்று முந்நூறு மீட்டர் உயரத்தையும் தாண்டுகிறது.

நான் போன அன்று அது வரவில்லை.

இரண்டு சீற்றங்களுக்கு நடுவே மலை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாள். குழியின் விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே, வற்றிப்போன ஏரியின் சேறு பாளம் பாளமாய் வெடித்துக் கறுத்தது போல ஒரு பரப்பு. அங்கங்கே வெண்ணிறப் புகை. தீக்குச்சியைக் கிழித்ததும் வருமே, அந்தக் கந்தக நெடி. அந்த மண்ணின் மக்கள் அந்தக் குழியைப் பேலே என்ற தங்கள் தெய்வத்தின் இல்லம் என்று போற்றுகிறார்கள். யாரோ ஒரு முதியவர் கொஞ்சம் தள்ளி நின்று, உதடு மட்டும் அசைய, எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நம்முடைய நம்பிக்கை வேறு. ஆனால் மலையின் முன் குரலைத் தாழ்த்தத் தெரிந்த மனிதரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்த நேரத்தில் நான் கைப்பேசியில், அடுத்த நெருப்பு எப்போது வரும் என்று தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘நெருப்பு எங்கே, நெருப்பு எங்கே?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். என் கேள்வியும் அதுதான். வயதுதான் ஐம்பத்தைந்து.

நண்பர் சிரித்தார். “நெருப்பைப் பார்க்கிறவர்கள் அரைமணி நேரம் பார்ப்பார்கள், படம் பிடிப்பார்கள், காரில் ஏறிப் போய்விடுவார்கள். உனக்குத்தான் நெருப்பு இல்லையே, நீ நடந்துதான் ஆக வேண்டும், வா” என்றார்.

எலியாவும் நெருப்பைப் பார்த்தவர்தான். அதை மறந்துவிட்டுத்தான் இன்றைய முதல் வாசகத்தைக் கேட்கிறோம். முந்தின அதிகாரத்தைப் புரட்டுங்கள். கார்மேல் மலையில் அவர் மன்றாடியபோது வானத்திலிருந்து தீ இறங்கியது. பலியை மட்டுமா? விறகு, கல், மண், வாய்க்காலில் நின்ற தண்ணீர் எல்லாவற்றையும் நக்கித் தீர்த்தது. கூடியிருந்த மக்கள் முகங்குப்புற விழுந்து ஆண்டவரை அறிக்கையிட்டார்கள். சரி, அப்புறம்? ஈசபேல் அரசி ஒரே ஒரு ஆளைத் தூது அனுப்பினாள். இறைவாக்கினர் உயிருக்குப் பயந்து ஓடினார். முகங்குப்புற விழுந்த அத்தனை பேரில் ஒருவராவது, ‘ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஒளிந்திருங்கள்’ என்று சொன்னதாக விவிலியத்தில் இல்லை. வானத்திலிருந்து வந்த நெருப்பு அந்த மக்களை ஒரு மாலைப்பொழுதுக்குத்தான் பிடித்து வைத்தது.

அதனால்தான் அவர் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அதனால்தான் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக் குகைக்கு வந்தபோதும், எல்லாரும் போய்விட்டார்கள், தான் ஒருவன்தான் மிச்சம் என்று புலம்புகிறார். ஒரு முறையல்ல, இரண்டு முறை. மெல்லிய ஓசைக்கு முன்னால் ஒரு தரம், அதைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்ட பிறகும் அதே புலம்பல், சொல் மாறாமல்! கடவுளைச் சந்தித்ததும் மனச்சோர்வு பறந்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எலியாவுக்கே பறக்கவில்லை.

நண்பர் சொன்னபடியே நடந்தோம். ஆறிய எரிமலைக் குழம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெழுகு வழிந்து உறைந்தது போல வழவழப்பாக, கயிறு திரித்தாற்போல மடிப்பு மடிப்பாக இருக்கும், பஹோஹோய் என்கிறார்கள். மற்றது, இடித்துக் கொட்டிய சூளைச் செங்கல் போலக் கூர்கூராகக் குவிந்து கிடக்கும். அதன் பெயர் ‘ஆஆ’. செருப்பில்லாமல் மிதித்தவன் வைத்த பெயர் என்றார் நண்பர். அது அவருடைய சொந்தக் கற்பனை, ஆனால் பொருந்துகிறது. உலகின் பல மொழிகளிலும் எரிமலையைப் பற்றிப் படித்தால் இந்த இரண்டு ஹவாய்ச் சொற்கள்தான் வழக்கில் இருக்கின்றன.

ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதித்து ஓடி ஆறிய கல் அது. மண் கிடையாது, நிழல் கிடையாது. பெய்கிற மழையும் விரிசல் வழியாக இறங்கிக் காணாமல் போய்விடும். இப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் குடிவருவது யார்? பாசி என்று நினைத்தேன். புல் என்று நினைத்தேன். ஒரு சுவர்க்கோழியாம்! நம் வீட்டு அடுப்படிச் சுவரில் ராத்திரி கத்துகிறதே, அதன் உறவுக்காரப் பூச்சி. குழம்பு ஆறிச் சில மாதங்களிலேயே, ஒரு பச்சை இலைகூட முளைக்கும் முன்பே, அது வந்துவிடுகிறது. பகலெல்லாம் விரிசலுக்குள் ஒளிந்திருக்கும். இருட்டியதும் வெளியே வந்து, காற்று எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்ட சருகுத் துணுக்கையும் கடல்நுரை விட்டுப்போனதையும் தின்று பிழைக்கும். அதற்கு இறக்கை இல்லை. நம் வீட்டுச் சுவர்க்கோழி இறக்கையை உரசித்தான் கத்துகிறது. இதற்கு உரச ஒன்றும் இல்லாததால் கத்தவும் வராது. ஊமைப் பூச்சி. அப்புறம் செடிகொடி வேர்விட்டு, அந்த இடம் பசுமையாகத் தொடங்கியதும், அது அங்கிருந்து மறைந்துவிடுகிறது. எரிந்த நிலம்தான் அதன் பங்கு.

நான் அதைப் பார்க்கவில்லை. பகலில் போகிறவன் கண்ணில் அது படாது. ஆனால் காலடியில் எங்கோ ஒரு வெடிப்புக்குள் அது உட்கார்ந்திருக்கிறது என்ற நினைவோடுதான் அன்று முழுவதும் நடந்தேன்.

பார்த்தது ஓஹியா மரத்தை. மரம் என்றால், என் முழங்கால் உயரம். கரிக்கல் விரிசலில் கையகலப் பெரணிச் செடி ஒன்று, அதை ஒட்டி இந்தக் கன்று. நம் நாவல் மரத்தின் குடும்பம்தான். தூசி போன்ற விதை காற்றில் வந்து விழுந்து முளைக்கிறது. எரிமலை நச்சுப்புகை கக்கினால் இலையிலுள்ள மூச்சுத் துளைகளை மூடிக்கொள்ளும்; புகை விலகியதும் திறந்துகொள்ளும். முழங்கால் உயரத்திலேயே அது பூத்திருந்தது. பூவின் பெயர் லேஹுவா. இதழ் கண்ணுக்கே தெரியாமல், நம் வாகைப்பூவைப் போல இழை இழையாக, ஆனால் குங்குமச் சிவப்பில். குனிந்து பார்த்தேன். இழைகளின் நடுவே சின்னக் கிண்ணம், அதில் ஒரு சொட்டுத் தேன் மின்னியது. நிமிர்ந்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரி.

இதையெல்லாம் கேட்டு, ஆகா, துன்பத்துக்குப் பின் இன்பம் என்று யாரும் தலையாட்டிவிடாதீர்கள். அந்தப் பயணத்திலேயே இன்னொன்றும் பார்த்தேன். பூங்காவுக்குக் கிழக்கே, கடலோரமாகக் கலபனா என்று ஒரு ஊர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரம் நமக்குப் புதிதல்ல. தொழுநோயாளரின் திருத்தூதரான புனித தமியான் 1864-இல் குருவானதும் முதலில் அனுப்பப்பட்டது அந்தப் பூனா வட்டாரத்துக்குத்தான். தொழுநோயாளர் இருந்த மொலோகாய்த் தீவுக்குப் போனது அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து. கலபனாவில் கடலின் விண்மீனாம் அன்னை மரியாவுக்கு ஒரு மரக்கோவில். பெல்ஜியத்திலிருந்து வந்த எவரிஸ்ட் கீலன் என்ற குரு 1927-28-இல் கட்டி, உள்ளே மேற்பகுதியில் தம் கையாலேயே ஓவியம் தீட்டிய கோவில். 1990-இல் கிலாவேயாவின் குழம்பு ஊரை நோக்கி வந்தது. அது பாய்ந்து வருகிற நெருப்பு அல்ல, ஊர்ந்து வருகிற நெருப்பு. இன்று அடுத்த தெரு, நாளை நம் தெரு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மக்கள் அந்தக் கோவிலை அடித்தளத்திலிருந்து பெயர்த்து, வண்டியில் ஏற்றி, குழம்பு வந்து சேரும் முன்னால் ஊரைவிட்டு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

“குழம்பு நிற்கட்டும் என்று ஜெபம் செய்யவில்லையா?” என்று கேட்டேன்.

“செய்திருப்பார்கள். லாரியும் பிடித்தார்கள்” என்றார் நண்பர்.

கோவில் தப்பியது. ஊர் போயிற்று. கறுப்பு மணல் கடற்கரை, கிணறு, தென்னந்தோப்பு, குழந்தைகள் பிறந்த வீடு, தாத்தா பாட்டியின் கல்லறை, எல்லாம் பல மீட்டர் கல்லுக்கு அடியில். கோவிலைக் காத்த கடவுள் வீடுகளை ஏன் காக்கவில்லை என்று அந்த ஊர் அம்மா ஒருவர் என்னைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. உடனே பதில் எடுத்துக் கொடுக்கிறவர்களிடம் நீங்களும் கொஞ்சம் கவனமாக இருங்கள், அவர்கள் அங்கி போட்டிருந்தாலும் சரி. ஒன்று மட்டும் சொல்வேன். தீயில் ஆண்டவர் இல்லை என்று இன்றைய வாசகம் சொல்கிறதே, பத்து வயதில் எனக்கு ஏமாற்றமாக இருந்த அந்த வரி, கலபனாவில் நின்றபோது பெரிய ஆறுதலாக இருந்தது.

பூங்காவின் உயிரினங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தனை தொலைவிலுள்ள தீவுக்குப் பெரிய விலங்கு எதுவும் தானாக வந்து சேர முடியாது. காற்றிலும் அலையிலும் பறவையின் காலிலும் ஒட்டிக்கொண்டு வந்தவைதான் அங்கே உயிர். நிலத்தில் வாழும் பாலூட்டி என்று பார்த்தால் மண்ணுக்குச் சொந்தமானது ஒரே ஒரு வௌவால். மேய்கிற மிருகம் இல்லாததால் செடிகள் தற்காப்பையே மறந்துவிட்டன. அங்கே ஒரு காஞ்சொறிக் குடும்பத்துச் செடி இருக்கிறது, கை வைத்தால் அரிக்காது. சுணையை விட்டுவிட்டது. ஏதேன் தோட்டம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

ஏதேன் என்றால் பாம்பு எங்கே என்று கேட்பீர்கள். அந்தத் தீவின் மண்ணுக்குச் சொந்தமான நிலப்பாம்பே கிடையாது, கீரிதான் வந்தது! அதுவும் நம் நாட்டுக் கீரி. இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குப் போய், அங்கிருந்து 1883-இல் ஹவாய்க்கு வந்தது. கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்கும் என்று தோட்ட முதலாளிகள் கொண்டுவந்தார்கள். எலி பெரும்பாலும் ராத்திரி நடமாடும், கீரி பகலில் வேட்டையாடும். இரண்டும் சந்தித்துக்கொண்டால்தானே? பகலில் கீரிக்கு அகப்பட்டது தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை. படித்தவர்கள், பணம் உள்ளவர்கள், கணக்குப் பார்த்து எடுத்த முடிவுதான் இது. ஒரு ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தக் கீரிக்கும் பூனைக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் தப்பிப் பிழைத்தது நேநே என்ற வாத்து. கூப்பிடும் குரலே அதன் பெயர். எரிமலைக் கல்லில் நடந்து நடந்து, விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு சுருங்கிப்போன வாத்து. 1950களின் தொடக்கத்தில் காட்டில் முப்பது நேநேதான் மிச்சம் என்று கணக்கு. இனத்தைப் பெருக்குவதற்காக இங்கிலாந்தில் சிலிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் பறவைக் காப்பகம் நடத்திய பீட்டர் ஸ்காட்டுக்கு ஒரு ஜோடியை அனுப்பினார்கள். ஜோடி வந்தது, இரண்டுமே முட்டையிட்டன. அப்புறம் அவசர அவசரமாக ஒரு ஆண் வாத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பும்படி ஆயிற்று. மீட்பின் வரலாறு இப்படியும் நடக்கும். இன்று தீவுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நேநே வாழ்கின்றன. வாத்து கடக்கும் இடம் என்று சாலையோரத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் கார் முன்னால் இரண்டு கடந்தன, காலில் அடையாள வளையத்தோடு, மாமியார் வீட்டுக்குப் போகிற நிதானத்தில். பின்னால் நின்ற ஏழெட்டுக் கார்களில் ஒன்றும் ஹாரன் அடிக்கவில்லை.

இனிக் கீபுகா. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தேன்.

குழம்பு மலையிலிருந்து வழிந்து வரும்போது, ஒரு மேட்டைக் கண்டு இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போகும். நடுவில் எரியாமல் ஒரு துண்டுக் காடு தங்கிவிடும். சுற்றிலும் கல் ஆறு, நடுவே பச்சைத் தீவு. அதை ஹவாய் மொழியில் கீபுகா என்கிறார்கள். மவுனா லோவா சரிவில் கீபுகா புவாவுலு என்ற ஒன்றுக்குள் போனோம். வழியில் பெரிய பெரிய கோவா மரங்கள், காலடியில் புதையும் மண், அப்பபானே என்ற சிவப்புச் சிட்டு ஓஹியாப் பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கிற காட்சி. கரிநிலத்தில் இரண்டு நாள் நடந்தவனுக்கு மண் வாசனையே கண்ணீர் வரவைத்தது. சுற்றியுள்ள கரிநிலம் மறுபடி காடாவதற்கு விதை இங்கிருந்துதான் போகிறது. காற்று கொஞ்சம் கொண்டுபோகும், பறவை கொஞ்சம் கொண்டுபோகும்.

இன்றைய வாசகம், ஏனோ, எலியா குகை வாசலில் நிற்பதோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போய் விவிலியத்தைத் திறந்து இன்னும் ஐந்து வசனம் படியுங்கள். தான் ஒருவன்தான் மிச்சம் என்று அவர் இரண்டாம் முறை புலம்பும்போது, ஆண்டவர் அவருக்குக் கணக்குச் சொல்கிறார்: பாகாலுக்கு மண்டியிடாதவர்கள் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்! ஒன்று என்று நினைத்தவருக்கு ஏழாயிரம். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கார்மேலில் அவர்கள் கூவியதாகவும் எழுதப்படவில்லை. எங்கோ அடுப்பு மூட்டிக்கொண்டு, ஆடு மேய்த்துக்கொண்டு, பிள்ளைக்கு ஆண்டவரின் பெயரைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். அது எலியாவின் கீபுகா. அவர் மலையிலிருந்து இறங்கிப் போகும் வழியிலேயே ஒருவரைப் பார்க்கிறார், பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசாவை. அந்த நிலமும் வழியும் முன்பே இருந்தவைதான்.

அந்தக் காட்டுக்குப் போகும் பாதையின் வாசலில் செருப்பைத் தேய்க்கப் பிரஷ் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அடிப்பாகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காரணம், இப்போது ஓஹியா மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை பரவுகிறது. மரத்தில் ஒரு கீறல் போதும், அது உள்ளே நுழைந்துவிடும். நம் காலில் ஒட்டிய மண்ணிலும் பயணம் செய்யும். எரிமலையின் நச்சுப்புகையையே தாங்குகிற மரம், செருப்புத் தூசிக்குச் சாகிறது. நான் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது நண்பர் கேட்டார்: “மோசேயைச் செருப்பைக் கழற்றச் சொன்ன மலை எது?” ஓரேபு! எலியா வந்து நின்ற அதே ஓரேபு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். எல்லா மௌனமும் ஆண்டவரின் மெல்லிய ஓசை ஆகாது. கப்பல்களில் வந்த கொசு ஹவாய்ப் பறவைகளுக்கு மலேரியாவைப் பரப்பியது. கொசு ஏற முடியாத குளிர்ந்த உயரத்தில்தான் பல இனங்கள் தப்பின. பூமி சூடாகச் சூடாகக் கொசுவும் மலையேறுகிறது. 2023-இல் ஹவாய்த் தீவுகளின் எட்டுப் பறவை இனங்கள் இனி இல்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த எட்டுக் குரல்களும் அடங்கியது நம்மால். ஓர் உயிரினம் அழியும்போது அது தன் இருப்பால் கடவுளுக்குச் செலுத்திய புகழும் நின்றுபோகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் வருந்தினார். இன்னொரு பக்கம், மவுனா லோவாவின் உயர்ந்த சரிவில் கல் பொந்தில் கூடு கட்டும் ஒரு கடற்பறவைக்காக, பூனை ஏற முடியாதபடி சுமார் எட்டுக் கிலோமீட்டர் வேலி போட்டிருக்கிறார்கள். அந்தப் பறவை இருட்டில்தான் வரும், இருட்டில்தான் போகும். வேலி போட்டவர்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருப்பார்களோ.

நற்செய்தியிலும் காற்று இருக்கிறது, அலை இருக்கிறது. பேதுருவின் நம்பிக்கைக் குறைவைப் பற்றி நீங்கள் போதுமான மறையுரை கேட்டாயிற்று. நான் சொல்வது ஒரு சின்ன விவரம். அவர் மூழ்கும்போது இயேசு முதலில் காற்றை அடக்கவில்லை. கையை நீட்டிப் பிடிக்கிறார். இருவரும் படகில் ஏறிய பிறகுதான் காற்று அடங்கியது என்று மத்தேயு எழுதுகிறார். அதுவரை காற்று அடித்துக்கொண்டேதான் இருந்தது, கையும் பிடித்துக்கொண்டேதான் இருந்தது.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில் இருபத்திரண்டு வயது மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய். அடக்கம் முடிந்தது, முப்பதாம் நாள் பூசை முடிந்தது, உறவு கலைந்தது. எங்கள் அன்பியத்தாரும் இரண்டு வாரம் வந்து செபமாலை சொல்லிவிட்டு நின்றுவிட்டார்கள். நானும் ஒரு ஆறுதல் சொல்லப் போய், எதையோ உளறிவிட்டுத் திரும்பினேன். அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு பெண் மட்டும் தினம் காலையில் ஒரு எவர்சில்வர் தூக்கில் காப்பி கொண்டுவருவாள். அதிகம் பழக்கமும் இல்லை. டம்ளரில் ஊற்றி வைப்பாள். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பேசமாட்டாள். வெறும் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தத் தாய் ஞாயிறு பூசைக்கு வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தார். பூசை முடிந்து என்னிடம் வந்து, மகன் பெயரில் ஒரு கருத்து வைக்க வேண்டும் என்றார். வீட்டில் இப்போது சமைக்கிறீர்களா என்று கேட்டேன். சமைக்கிறேன் சாமி, மகள் பள்ளிக்கூடம் போகிறாளே என்றார். காப்பி கொண்டுவருவாரே அந்த அம்மா, இன்னும் வருகிறாரா என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இல்ல சாமி. எப்ப நின்னாங்கன்னு நான் கவனிக்கவே இல்லையே.”